காட்டுக்குப் போகட்டும் எம் பிள்ளைகள்!

“தோட்டத்துப் பிள்ளைக்கு மரம் புதிதா? அதைப் பார்க்க பஸ் பிடித்துப் போகவும் வேண்டுமா?”

கல்விச் சுற்றுலாவுக்குக் காட்டைத் தேர்ந்தெடுக்கலாம் என்று எந்த ஆசிரியராவது வாய் திறந்தால், பெற்றோர் கூட்டத்திலே முதலில் எழும் குரல் இதுதான். அடுத்தது பரீட்சையின் குரல்: “புலமைப்பரிசில் வாசலில் நிற்கிறது, காடு மேடு சுற்ற நேரமேது?” மூன்றாவது பணத்தின் குரல். மூன்றும் கூடி முடிவு செய்கின்றன: போவதென்றால் நுவரெலியாவுக்குப் போவோம், இல்லையேல் வீட்டில் இருப்போம்! அவ்வாறு போகும் பயணமும் நாமறிந்ததே. விடியுமுன் புறப்பாடு, பஸ் முழுவதும் மேளமும் பாட்டும், ஒரே நாளில் நாலு ஊர், இறங்கிய இடமெல்லாம் ஒரு படம். மறுநாள் “என்ன கண்டாய்?” என்று கேட்டால், பிள்ளைக்கு நினைவிருப்பது உண்ட சோறு மட்டுமே.

கண்டியிலிருந்து மாத்தளைக்குச் செல்லும் பெருவழியில், அக்குறணைக்கு அப்பால் இருப்பது அலவத்துகொட. அதன் சுற்றுப்புறத்துத் தோட்டங்களிலும் ஊர்களிலும் தமிழ் மொழியிற் பயிலும் பிள்ளைகளுக்காகவே பேசுகிறோம். மேற்சொன்ன மூன்று குரல்களும் பிழையானவை. முதற் குரலோ பிழை மட்டுமன்று, கொடுமையும் ஆகும்.

தோட்டத்துப் பிள்ளை மரத்தை அறிவானாம்! அவன் அறிந்தது என்ன? இடுப்பளவில் கவ்வாத்து வெட்டி நிறுத்திய ஒரே செடி, மலைக்குப் பின் மலையாக. அதற்கு நிழல் தரும் கிரவிலியாவும் அவுஸ்திரேலியாவிலிருந்து வந்தது. ஆயிரம் உயிர்கள் ஒன்றையொன்று தாங்கி நிற்கும் காட்டை அவன் கண்டதில்லை. காணாததற்குக் காரணம் அவனுடைய சோம்பலா? இல்லை; அது சரித்திரம்.

1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டம், உரிமை நிறுவப்படாத காட்டையும் தரிசையும் அரசின் சொத்தாகக் கொண்டது. கண்டிச் சீமையின் மலைக்காடுகள் கோப்பிக்காக விலைபோயின. அவற்றைச் சரித்த கோடரிகளில் சிங்களக் கிராமத்தவனின் கோடரியும் இருந்தது. எம் முன்னோரின் கோடரியும் இருந்தது. ஆதாயம் இருவருக்குமில்லை. 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை வீழ்த்தியது. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தொடங்கிய தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. பயிர் மாறியது, காடு திரும்பவில்லை. 1956இல் இலங்கை நிலப்பரப்பில் ஏறத்தாழ 44 விழுக்காடு காடாக இருந்தது. இன்று மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

இதனைப் பிள்ளைக்குச் சொல்லாத கல்வி எத்தகைய கல்வி? 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மழையில் கண்டி மாவட்டத்தின் மலைச்சரிவுகள் இடிந்து, வீடுகளோடு மனிதரும் மண்ணுள் புதைந்தனர். அலவத்துகொடப் பகுதியும் அத்துயரிலிருந்து தப்பவில்லை. 2014 ஒக்டோபரில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன்களே புதையுண்டதை எவர் மறந்தார்? காடிருந்தால் மலை ஒருபோதும் சரியாது என்று யாம் சொல்லவில்லை. பெருமழை காட்டையும் சரிக்கும். ஆயினும் வேர் மண்ணைப் பிணிப்பதும், சருகு மழையின் அடியைத் தாங்குவதும் பிள்ளை கண்ணாற் கண்டு அறியவேண்டியவை. நிலத்தில் புதுவெடிப்பு, சாய்ந்து நிற்கும் மரம், திடீரெனக் கலங்கும் ஊற்று ஆகிய அபாயக் குறிகளைப் படிக்கத் தெரிந்த பிள்ளை, ஒரு குடும்பத்தையே காக்கக்கூடும். இதற்குமேல் எந்தப் பரீட்சைக்கு ஆயத்தம் வேண்டும்?

எங்கே போவது? தொலைவு போகவேண்டாம். கண்டி நகரில், தலதா மாளிகைக்குப் பின்புறம் உடவத்தைக்கலே இருக்கிறது. மன்னர் காலத்தில் குடிமக்கள் நுழையத் தடைசெய்யப்பட்ட காடு அது. 1856இல் ஒதுக்கக் காடாகவும், 1938இல் சரணாலயமாகவும் அறிவிக்கப்பட்டது. பரப்பு ஏறத்தாழ 257 ஏக்கர். மரங்களைச் சுற்றி வளைத்தேறும் மாபெருங் கொடிகளையும் அங்கே காணலாம். தென் அமெரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டுப் பின் கட்டுக்கடங்காது பரவி, நாட்டு மரங்களை நெருக்கும் பல்சம் மரத்தையும் காணலாம். வந்தேறிய செடி காட்டை எப்படி மாற்றுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் வேறில்லை.

இரண்டாவது காடு, இதே பெருவழியில் வடக்கே, தம்புள்ளையில் இருக்கிறது. தேயிலைத் தோட்டத் துரையாக இருந்த சாம் பொப்பம் என்னும் ஆங்கிலேயர் 1963இல் தொடங்கிய மரச்சோலை அது. அவர் கண்ட உண்மை எளியது: களையையும் முட்புதரையும் நீக்கி நாட்டு மரக் கன்றுகளுக்கு வெளிச்சம் விட்டால், காடு தானே எழும். இன்று கண்டியிலுள்ள அடிப்படைக் கற்கைகள் நிறுவகத்தின் பொறுப்பில் அது இருக்கிறது. உலர்வலயத்தின் முதிரை, கருங்காலி, பாலை, வீரை ஆகியவை வன்னி உழவனுக்கு அண்டை வீட்டார்; மலையகப் பிள்ளைக்கோ பெயரும் தெரியாதவை. அவற்றுக்குத் தமிழ்ப் பெயர் உண்டென்று அவன் அறியவேண்டாமா?

அந்த வழிக்கும் ஒரு வரலாறு உண்டு. மன்னார்க் கரையில் இறங்கிய எம் முன்னோர், தம்புள்ளை, மாத்தளை ஊடாக மலைக்கு நடந்து வந்தனர். காய்ச்சலும் வாந்திபேதியும் எத்தனையோ பேரை வழியிலேயே காட்டுக்கு இரையாக்கின. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அவர்கள் சந்ததியை நாடற்றோராக்கியது. அவர்கள் நாட்கணக்கில் நடந்த வழியைப் பேரப்பிள்ளை இன்று இரண்டு மணி நேரத்தில் பஸ்ஸிற் கடக்கிறான். ஆசிரியர் மாத்தளையில் வண்டியை நிறுத்தி இதனை ஐந்து நிமிடம் சொன்னால், அப்பிள்ளை ஆயுள் முழுதும் மறவான்.

இனி, ஏற்பாடு. ஆசிரியர் ஒருவர் முன்னதாகவே சென்று வழி, நீர், கழிப்பிடம் எல்லாம் பார்த்து வரவேண்டும். சனவரி முதல் மார்ச் வரை மழை குறைவு. அதுவே நல்ல காலம். ஈரக்காட்டில் அட்டை ஏறும். காலில் சவர்க்காரம் பூசினால் அச்சம் தணியும். நாற்பது பேரை ஒரே மந்தையாக ஓட்டாது, பத்துப் பேர் கொண்ட நாலு குழுவாக்குக. ஒலிபெருக்கிக்கு இடமே வேண்டாம். ஒவ்வொரு குழுவும் ஒரு போத்தல் நீரைச் சருகு மூடிய காட்டு மண்ணில் ஊற்றிப் பார்க்கட்டும். ஊர் திரும்பியதும் தோட்டத்து வெறும் பாதையில் மற்றொரு போத்தலை ஊற்றட்டும். எங்கே நீர் உள்ளிறங்கியது? எங்கே மண்ணையும் அரித்துக்கொண்டு ஓடியது? விடையைப் பிள்ளையே எழுதட்டும்.

மொழியில் விட்டுக்கொடுப்பு வேண்டாம். 1987இல் நிறைவேறிய பதின்மூன்றாவது திருத்தத்தின்படி தமிழும் ஆட்சிமொழி. தமிழில் விளக்குவோர் கிடைப்பாரா என்று அதிபர் முன்கூட்டியே எழுத்திற் கேட்கவேண்டும். இல்லையென்று பதில் வந்தால் வாய்மூடித் திரும்பாது, மேலிடத்துக்கும் எழுதவேண்டும். இது சலுகை கேட்பதன்று, உரிமையைக் கேட்பது.

பணமா? கண்டியில் தொழில் புரியும் தமிழ் மருத்துவரே, வழக்கறிஞரே, பொறியியலாளரே! உம்மிற் பலர் இதே லயன்களிலிருந்தும் கிராமங்களிலிருந்தும் படித்து எழுந்தவர். பத்துப் பேர் சேர்ந்தால் ஒரு பஸ்ஸின் கூலி பெரிதா? பணத்தோடு ஒருநாட் பொழுதையும் தாரும். பொறியியலாளர் மண்சரிவைச் சொல்லட்டும். உழவரே! மிளகும் கராம்பும் பலாவும் ஒன்றாய் வளர்க்கும் கண்டித் தோட்டத்தின் நுட்பம் உமக்குத் தெரியும். பட்டம் இல்லையென்று பின்வாங்காதீர். அன்றைய ஆசிரியர் நீரே.

காட்டை வெட்டக் கொண்டுவரப்பட்டவனின் பேரப்பிள்ளை, காட்டைக் காக்கக் கற்றவனாய் வளரட்டும். அதிபர்களே, அடுத்த அபிவிருத்திச் சங்கக் கூட்டத்திலேயே நாளைக் குறியுங்கள்!