பாதை எவருக்கு?

பள்ளி விடுமுறை நெருங்குந்தோறும் ஆசிரியர் ஓய்வறைகளிலே பயணப் பேச்சு எழுவது வழக்கம். அண்மைக் காலத்தில் அப்பேச்சிலே புதிய பொருளொன்று புகுந்துள்ளது. 'நடை விடுமுறை' என்பது அதன் பெயர். ஐரோப்பாவின் திராட்சைத் தோட்ட நாடுகளிலே, குன்றுக்கொன்றாக உயர்ந்து நிற்கும் பழைய நகரங்களிடையே நான்கைந்து நாட்கள் நடந்து களிப்பது. நடப்பவரின் பெட்டி வாகனத்தில் முன்னே சென்றுவிடும். அவர் தோளில் தண்ணீர்ப் போத்தல் ஒன்றே இருக்கும். மாலையில் விடுதியும் உணவும் திராட்சை மதுவும் காத்திருக்கும். வெளிநாட்டு உறவினர் அனுப்பிய படங்களை எமக்குக் காட்டிய நண்பரொருவர், "நம் நாட்டில் இப்படியொன்று உண்டா?" என்று ஏக்கத்தோடு வினவினார். உண்டென்றே விடையிறுத்தோம். ஆனால், அவர் கருதிய பொருளில் அன்று. அந்த விடையை விரித்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலிலே ஒன்றைத் தெளிவாக்கிவிடுவோம். நடத்தலை நாம் பழிக்கவில்லை. ஆண்டு முழுவதும் உழைத்துக் களைத்த மனிதன் மலைக்காற்றை நாடிச் செல்வதிலே குற்றமென்ன உண்டு? நமது வழக்கு நடப்பவரின் கால்களோடு அன்று, கண்களோடு. குன்றின் உச்சியிலே நின்று, "ஆகா, என்ன அழகு!" என்று வியக்கும் கண், அந்த அழகை ஆக்கிய கைகளைக் காண மறுக்கிறதே, அந்த மறுப்போடுதான் நமது வழக்கு.

படங்களிலே கண்ட இத்தாலியின் தொஸ்கானா நிலத்தையே எடுத்துக்கொள்வோம். சான் ஜிமிஞானோ போன்ற குன்று நகரங்கள் அங்கே புகழ்பெற்றவை. அவற்றைச் சூழ்ந்து திராட்சையும் ஒலிவமும் வரிசை வரிசையாக நிற்கின்றன. சரிவுகளிலே ஆங்காங்கு தனித்தனிக் கல்வீடுகள். அந்த வீடுகளிலே வாழ்ந்தவர் யார்? பல நூற்றாண்டுகளாக அங்கு நிலவியது 'மெத்சாத்ரியா' என்னும் பங்குக் குத்தகை முறை. நிலமும் வீடும் நிலவுடைமையாளனுக்குச் சொந்தம். உழைப்பு குடும்பம் முழுவதற்கும் உரியது. விளைச்சலிலே பாதி உடைமையாளனுக்கு. நம் வயல்களிலே வாரத்திற்குச் செய்பவனுக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அக்குடியானவர்கள் போராடினர். 1964இல் புதிய பங்குக் குத்தகை ஒப்பந்தங்களைச் சட்டம் தடைசெய்தது. ஆனால் அதற்கு முன்னரே பெருந்தொகையானோர் அந்நிலத்தை விட்டு நகரத்துத் தொழிற்சாலைகளை நோக்கிப் போயினர். அவர்கள் விட்டுச்சென்ற வீடுகளே பின்னர் செல்வர்களின் மாளிகைகளாயும் விடுதிகளாயும் மாறின. இன்று நடப்பவர் வியந்து போற்றும் அமைதி, குடியானவன் வெளியேறியதனால் உண்டான அமைதி.

நம் நாட்டின் திராட்சை மது தேயிலையே என்றால் மிகையன்று. மலையகத்திலும் இப்போது நடைபாதையொன்று அமைந்துள்ளது. 'பீக்கோ' நடைபாதை என்பது அதன் பெயர். கண்டிக்கு அண்மையில் ஹந்தானையிலே தொடங்கி நுவரெலியாவிலே முடியும் அது 300 கிலோமீற்றருக்கு மேல் நீள்வது. 22 கட்டங்களாக வகுக்கப்பட்டது. பிரித்தானியர் காலத்திலே தேயிலை கொண்டுசெல்லப்பட்ட பழைய வழிகளே இதற்குப் பயன்படுகின்றன. அவ்வழிகளை வெட்டியவர் யார்? தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து கங்காணியின் பின்னே வந்த ஏழைத் தமிழர். அவர்கள் இந்த நாட்டில் கால்வைத்து 200 ஆண்டுகள் நிறைந்தனவென்று 2023இலே நினைவுகூர்ந்தோம். 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. இத்தாலியிலே பங்குக் குத்தகைக்கு எதிராகச் சட்டம் பிறந்த அதே 1964இல், சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று தலைகளை எண்ணிப் பங்கிட்டது. அவர்கள் வெட்டிய பாதையிலே நடப்பவன் காலை வெயிலிலே மின்னும் கொழுந்தைப் படமெடுக்கிறான். கொழுந்து பறித்த பெண்ணுக்கு ஆயிரம் ரூபா நாட்சம்பளம் கிடைக்க 2021 வரை போராட வேண்டியிருந்ததை அந்தப் படம் காட்டுமா? லயக் காம்பிராக்களின் தகரக் கூரையும் அவனுக்குக் காட்சியின் ஒரு வண்ணமே.

தொலைவிலுள்ளதைப் பேசி அருகிலுள்ளதை மறத்தல் படித்தவருக்குப் பழகிய குற்றம். ஆதலால் நமது திருகோணமலைக்கே வருவோம். இங்கும் குன்றுகள் உண்டு. ஒவ்வொன்றின் தலையிலும் வரலாறு உண்டு. நடப்பதற்கு நெடிய கடற்கரை உண்டு. சென்ற விடுமுறையிலே உயர்தர வகுப்பு மாணவர் சிலரோடு இரண்டு நாட்கள் நாம் இத்துறைமுகத்தைச் சுற்றி நடந்தோம். நண்பருக்கு யாம் கூறிய 'உண்டு' என்ற விடை அந்த நடையே.

காந்தி சிலைக்கு அருகேயுள்ள கடற்கரையிலே நடையைத் தொடங்கினோம். மாலையில் மக்கள் காற்று வாங்கும் இடம் அது. 2006 ஜனவரி 2ஆந் திகதி மாலை, உயர்தரப் பரீட்சை எழுதி முடித்த ஐந்து தமிழ் மாணவர் அக்கரையிலே சுட்டுக் கொல்லப்பட்டனர். பொலிஸ் துறையைச் சேர்ந்த 13 பேர் மீது வழக்கு நடந்தது. 2019 ஜூலையிலே, சாட்சியம் போதாதென்று திருகோணமலை நீதவான் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. எம்மோடு வந்த மாணவர்களிற் சிலருக்கு இச்செய்தி தெரிந்திருக்கவில்லை. அது அவர்களின் குற்றமா? அவர்களுக்குக் கற்பித்தவர் யார்? கடற்கரையிலே உலாவுதல் கூட ஓர் உரிமை என்பதும், அவ்வுரிமைக்கு உயிர் விலையாகக் கொடுக்கப்பட்டது என்பதும் எந்தப் பயண நூலிலே எழுதப்பட்டுள்ளன?

அங்கிருந்து பிரட்றிக் கோட்டையின் வாயில் வழியே கோணேசர் மலைக்கு ஏறினோம். சம்பந்தர் தேவாரம் பெற்ற தலம். 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலே போர்த்துக்கேயர் கோயிலை இடித்து, அக்கற்களைக் கொண்டே கோட்டை கட்டினர். பின் ஒல்லாந்தர், 1795இல் ஆங்கிலேயர். இன்றைய கோயில் 1963இல் குடமுழுக்குக் கண்டது. இன்றும் கோட்டைக்குள்ளே இராணுவம் இருக்கின்றது. கோயிலுக்குச் செல்லும் வழி கோட்டை வழியே. வெளியூரார் இராவணன் வெட்டைப் பார்க்கின்றனர், மான்களுக்குத் தீனி கொடுக்கின்றனர், திரும்புகின்றனர்.

உவர்மலைக்கு ஏறி உட்துறைமுகத்தை நோக்கினோம். அப்பால், துறைமுக வாயிலைக் காத்து நிற்கும் முனையிலே ஒஸ்ரன்பேர்க் கோட்டை. 1782ஆம் ஆண்டு ஒன்றிலேயே அது ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயர் கைக்கும், ஆங்கிலேயரிடமிருந்து பிரெஞ்சுக்காரர் கைக்கும் மாறியது. கொடிகள் மாறின; கீழே வலை இழுத்தவன் மாறவில்லை. 1957இலே பிரித்தானியர் தம் கடற்படைத் தளத்தை நம் நாட்டிடம் ஒப்படைத்தனர். அக்குன்று இன்று நம் கடற்படையின் எல்லைக்குள்ளே உள்ளது. நினைத்தபோது நடந்து ஏறக்கூடிய குன்றன்று அது. "சேர், எங்கட ஊர் மலைதானே?" என்று மாணவன் ஒருவன் கேட்டான். அவ்வொரு வினாவுக்காகவே அன்றைய நடை தகும்.

மறுநாள் விரிகுடாவின் விளிம்பைத் தொடர்ந்து சீனக்குடாவை அடைந்தோம். காட்டிடையே பிரித்தானியர் கட்டிய எண்ணெய்த் தாங்கிகள் நிற்கின்றன. 101 இருந்தன, ஒன்றை 1942 ஏப்ரல் 9ஆந் திகதி யப்பானிய விமானத் தாக்குதல் அழித்தது, இன்னொன்று பின்னர் அழிந்தது, எஞ்சியவை 99. 2022 ஜனவரியிலே அவற்றுள் 61 தாங்கிகள் இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனமும் இந்தியன் எண்ணெய்க் கம்பனியின் இலங்கைக் கிளையும் சேர்ந்த கூட்டு நிறுவனத்திற்கு ஒப்பந்தமாயின. வல்லரசுகள் இந்தத் துறைமுகத்தை வரைபடத்திலே பார்க்கின்றன. நாமோ படத்தட்டையிலே பார்க்கின்றோம். இரண்டு பார்வையிலும் மனிதன் இல்லை.

அந்த மனிதனைக் காணவே கிண்ணியாவுக்கு நடந்தோம். 2009இலே திறக்கப்பட்ட 396 மீற்றர் நீளப் பாலத்தைக் கடந்து ஊருக்குள்ளே குறிஞ்சாக்கேணிக்குச் சென்றோம். நம் நாட்டு வழக்கிலே நீரைக் கடக்க உதவும் மிதவைக்கும் 'பாதை' என்றே பெயர். குறிஞ்சாக்கேணியிலே புதிய பாலம் கட்டுவதற்காகப் பழைய பாலம் அகற்றப்பட்டது. மக்கள் தற்காலிகப் பாதையொன்றிலே கடந்தனர். 2021 நவம்பர் 23ஆந் திகதி காலை அப்பாதை கவிழ்ந்தது. பள்ளிக்குப் புறப்பட்ட பிள்ளைகள் மாண்டனர். சீருடை அணிந்து, புத்தகப் பை சுமந்து சென்ற பிள்ளைகள். காட்சி தேடி வருவோருக்கு மலையகத்திலே 300 கிலோமீற்றருக்கு வழிகாட்டிப் பலகை நாட்டத் தெரிந்த இந்த நாட்டுக்கு, பள்ளிப் பிள்ளைகள் ஒரு நீர்த்துண்டைக் கடக்கப் பத்திரமான வழி செய்யத் தெரியவில்லை! பாதை எவருக்கு என்று நாம் கேட்பது இதனாலேயே.

"உல்லாசப் பயணிகள் வந்தால் பணம் வருமே; ஏழைக்கும் அதிலொரு பங்கு கிடைக்குமே" என்பார் சிலர். கிடைக்கட்டும், வேண்டாமென்று நாம் கூறவில்லை. ஆனால் அப்பங்கை அளப்பவர் யார்? மெத்சாத்ரியாவிலாவது விளைச்சலிலே பாதி என்ற கணக்கு இருந்தது. காட்சியை விற்கும் வாணிபத்திலே, காட்சிக்குள்ளே வாழ்பவனுக்குக் கணக்கே இல்லை.

"விடுமுறையிலுமா அரசியல்?" என்பார் வேறு சிலர். அவர்களுக்கு இங்கிலாந்திலிருந்தே ஒரு விடை உண்டு. 1932 ஏப்ரல் 24ஆந் திகதி, மான்செஸ்ரர் பகுதி இளந் தொழிலாளர் சில நூற்றுவர் கின்டர் ஸ்கவுட் என்னும் மேட்டுநிலத்திலே தடையை மீறி நடந்தனர். செல்வர் பறவை வேட்டையாடுவதற்கென்று பூட்டி வைத்திருந்த நிலம் அது. நடந்த குற்றத்தை ஒட்டி ஐந்து இளைஞர் சிறை சென்றனர். திறந்த வெளிகளிலே நடக்கும் உரிமையை 2000ஆம் ஆண்டுச் சட்டம் வழங்கியது. இன்று அங்கே இன்பமாக நடப்பவன் ஒவ்வொருவனும் அந்த இளைஞருக்குக் கடன்பட்டவன். நடையிலே அரசியலை நாம் புகுத்தவில்லை. நிலத்துக்கு வேலியிட்டவன் அன்றே புகுத்திவிட்டான்.

நம்மவருக்கும் நடை புதிதன்று. செல்வச் சந்நிதியிலிருந்து திருகோணமலை, வெருகல், மட்டக்களப்பு வழியாகக் கதிர்காமம் வரை ஏழை எளியவர் ஆண்டுதோறும் கால்நடையாகச் செல்கின்றனர். வழியிலுள்ள ஊரவர் உண்ணவும் உறங்கவும் இடந்தருகின்றனர். நடப்பவன் அங்கே ஊரை 'பார்ப்பவன்' அல்லன், ஊருக்கு விருந்தினன். அவன் பக்தியை நாம் ஏற்கலாம், ஏற்காதொழியலாம். ஆயின் ஊரோடு அவனுக்குள்ள உறவு, பெட்டியை வாகனத்தில் அனுப்பிவிட்டு நடப்பவனுக்கு வாய்க்காத உறவு.

நம்மீதும் குற்றமுண்டு. கோணேசர் மலையிலே நின்று குளக்கோட்டன் பெருமை பேசும் நம்மிற் பலர், கல் சுமந்தவனைப் பற்றி ஒருபோதும் பேசியதில்லை. தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் என்னும் மூவினத்தாரும் வாழும் மாவட்டத்திலே, ஒருவர் குன்றையும் கோயிலையும் மற்றவர் ஐயத்தோடு நோக்கப் பழகிவிட்டோம். இப்பழக்கத்தாலே இலாபமடைவோர் நம் மூவருள் எவருமல்லர். நம் பாடசாலைகளோ பிள்ளைகளைப் பேருந்திலே அடைத்துத் தொலைதூரம் கொண்டுசெல்வதையே கல்விச் சுற்றுலா என்று அழைக்கின்றன. தன் ஊரின் குன்றுக்கு நடந்து ஏறாத மாணவன் சிகிரியாவுக்குச் சென்று எதைக் கற்பான்?

ஆதலால் ஆசிரியத் தோழருக்கு எமது வேண்டுகோள் மூன்று. ஆண்டுக்கொரு முறையேனும் மூவின மாணவரையும் ஒருங்கே அழைத்துக்கொண்டு நம் ஊரை நடந்து சுற்றுவோம். கோட்டைகள் இருக்கும் குன்றுகளை மாணவர் காண்பது அதிகாரியின் தயவாக இராமல், வரையறுத்த நாட்களிலே உரிமையாக அமையவேண்டுமென்று சங்கங்கள் வாயிலாகக் கோருவோம். மன்னர், தளபதி பெயரோடு நின்றுவிடும் அறிவிப்புப் பலகைகளிலே, கல் வெட்டியவரும் தாங்கி கட்டியவரும் இடம்பெற வேண்டுமென்று மும்மொழியிலும் எழுதிக் கேட்போம்.

குறிஞ்சாக்கேணியிலே நின்றபோது மாணவர் வெகுநேரம் பேசவில்லை. திரும்பும் வழியிலே, உவர்மலையில் வினவிய அதே மாணவன், பாலங்கட்டும் பணத்தைத் தீர்மானிப்பது யார் என்று கேட்டான். பாடநூலிலே அதற்கு விடை இல்லை. பேருந்து நகரை அடையும் வரை அவ்வினாவையே அவர்கள் விவாதித்து வந்தனர். விடுமுறை முடிந்து வகுப்பு தொடங்குகையில், அந்த இடத்திலிருந்தே நாம் பாடத்தைத் தொடங்குவோம்.