பெற்றோர் பார்க்க வேண்டிய படம்

சென்ற டிசம்பரில் என் மகன், "அப்பா, நீங்கள் பாதியில் நிறுத்திய படம்" என்று சிரித்தபடி 'பேட்மேன் ரிட்டர்ன்ஸ்' படத்தைப் போட்டான். 1994-ல் வாடகைக் கேசட்டில் பார்த்தபோது, பென்குவின் ஒருவனின் மூக்கைக் கடித்ததும் நான் அணைத்துவிட்டேன். மகனுக்கு அப்போது எட்டு வயது.

டிம் பர்ட்டன் இயக்கி 1992 ஜூனில் வெளியான அந்தப் படத்தை அமெரிக்கப் பெற்றோர் பலரும் கண்டித்தார்கள். சிறுவர் உணவோடு அதன் பொம்மைகளைக் கொடுத்த மெக்டொனால்ட்ஸும் கண்டனத்துக்கு ஆளானது. 1995-ல் வந்த அடுத்த படத்தை ஜோயல் ஷூமாக்கர் வண்ணமயமாக எடுத்தார். ஆனாலும் ரசிகர்கள் கிறிஸ்துமஸ் சமயத்தில் தேடிப் பார்ப்பது அந்த இருட்டுப் படத்தைத்தான்.

முழுதும் பார்த்தபின் காரணம் புரிந்தது. ஊனத்துடன் பிறந்த குழந்தையை, பணக்காரப் பெற்றோர் கிறிஸ்துமஸ் இரவில் ஓடையில் வீசிவிடுகிறார்கள். அவன்தான் பென்குவின். தொழிலதிபர் ஷ்ரெக் கட்ட நினைக்கும் மின்நிலையம் மின்சாரம் தராது. ஊரின் மின்சாரத்தை உறிஞ்சிச் சேர்த்துக்கொள்ளும். ரயில்வே மின்பிரிவில் இருந்த எனக்கு இந்த மோசடி சட்டென்று விளங்கியது. அதைக் கண்டுபிடித்த காரியதரிசியை அவர் ஜன்னல் வழியே தள்ளிவிடுகிறார்.

எட்டு வயதுக்கு அது ஆகாது என்பதில் இன்றும் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. சிறுவரிடம் விற்றது தவறு, எடுத்தது தவறல்ல. பெற்ற பிள்ளையைக் கைவிடுவோரைப் பற்றிய கதையை, பெற்றோர் அல்லவா பார்க்க வேண்டும்? அன்று மகனைத் தூங்க வைத்துவிட்டு நான் மீதியையும் பார்த்திருக்க வேண்டும்.