21 நாள் தூங்கிட்டு, 22ஆம் நாள் கத்தி என்ன பயன்?

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையா படிங்க.

ஒரு வாரமா நம்ம வாட்ஸ்அப் குழுவில் ஒரே வீடியோதான். கோயிலை ஒட்டி மண்வாரி இயந்திரம் நிக்குது, பெண்கள் அழுறாங்க, கீழே எல்லாரும் கோபமா எழுதுறாங்க. எனக்கும் வயிறு எரியுது. ஆனா ஒரு கேள்வி, கோவிச்சுக்காதீங்க. அந்த நிலத்துக்குத் திட்ட அனுமதி விண்ணப்பம் போட்டப்போ நம்மில் யார் பந்தாஹான் எழுதினோம்?

மத்தவங்களைக் கேட்கிறதுக்கு முன்னால என் தப்பைச் சொல்லிடுறேன். பல வருஷத்துக்கு முன்னால நம்ம கோயிலுக்கு மன்றத்திலிருந்து ஒரு பதிவுத் தபால் வந்துச்சு. கையெழுத்துப் போட்டு வாங்கினது நான்தான். மலாயில் மூணு பக்கம். நைட் ஷிப்ட் முடிஞ்ச களைப்பு, ஏதோ பில்லுன்னு நினைச்சு மேசை இழுப்பறையில் போட்டேன். தீமிதி வேலை எல்லாம் முடிஞ்சு எடுத்துப் பார்த்தா, பின்னால இருக்கிற நிலத்தில் அடுக்குமாடி கட்டப் போறாங்க, ஆட்சேபம் இருந்தா 21 நாளுக்குள்ள எழுதுங்கன்னு இருந்துச்சு. நாள் தாண்டிப் போச்சு. இன்னிக்கு மழை பெய்ஞ்சா அந்தப் பக்கத்துத் தண்ணி நம்ம லோங்காங்கில் இறங்கி மடப்பள்ளிக்குள்ள வருது. வாளி வச்சு இறைக்கிற பிள்ளைங்களைப் பார்க்கும்போதெல்லாம் அந்த இழுப்பறைதான் ஞாபகம் வருது.

தீபகற்ப மலேசியாவில் 1976ஆம் ஆண்டு நகர், கிராமத் திட்டமிடல் சட்டம், அதாவது ஆக்டா 172 இருக்கு. ஓர் இடத்துக்கு ரஞ்சாஙான் தெம்பாத்தான் இல்லைன்னா, விண்ணப்பம் வரும்போது பக்கத்து நில உரிமையாளருக்கு மன்றம் கடிதம் அனுப்பணும். ஒட்டின நிலம் மட்டும் இல்ல, நடுவில் 20 மீட்டருக்கு மேற்படாத ரோடோ லோங்காங்கோ இருந்தாலும் நாம பக்கத்து நிலம்தான். 21 நாளுக்குள்ள எழுதலாம், நேரில் பேசவும் கேட்கலாம். மன்றத்தின் முடிவு பிடிக்கலைன்னா மேல்முறையீட்டு வாரியத்துக்குப் போகிற உரிமை, ஆட்சேபம் எழுதினவங்களுக்குத்தான். எழுதாதவங்களுக்கு அந்தக் கதவே கிடையாது.

இதில் ரெண்டு ஓட்டை இருக்கு. ஒண்ணு, கடிதம் உரிமையாளருக்குத்தான் வரும். கெரான் இல்லாத கோயிலுக்கு வராது. நம்ம பழைய தோட்டத்துக் கோயில்கள் எத்தனை இப்படி நிக்குதுன்னு உங்களுக்கே தெரியும். ரெண்டு, ரஞ்சாஙான் தெம்பாத்தான் அமலுக்கு வந்துட்டா, அந்தக் கடிதம் அனுப்பணும்னு இந்தச் சட்டம் கட்டாயப்படுத்தல. அதனால, அந்தத் திட்டம் வரைவா இருக்கும்போதே போகணும். வரைவைக் குறைஞ்சது நாலு வாரம் பொதுமக்கள் பார்வைக்கு வைப்பாங்க. கெரான் இருக்கா இல்லையான்னு அங்க பார்க்க மாட்டாங்க, யாரும் எழுதலாம். நம்ம கோயில் நிற்கிற இடம் வழிபாட்டுத் தலம்னு வரைபடத்தில் இருக்கா, இல்லை கடைவீடுன்னு நிறம் அடிச்சிருக்கா? அதை அன்னிக்கே பார்த்து எழுதணும். நிறம் மாறினா நிலம் நமக்குச் சொந்தம் ஆகாது, ஆனா பேச ஒரு பிடி கிடைக்கும்.

உடனே சிலர் சொல்வாங்க, "அண்ணே, எழுதினா மட்டும் கேட்டுடுவாங்களா?" கோலாலம்பூர் தாமான் ரிம்பா கியாரா வழக்கைப் பாருங்க. அங்க சட்டம் வேற, ஆனா பிரச்சனை இதேதான். பொதுப் பூங்கா நிலத்தில் உயர்மாடிக் கட்டடங்களுக்கு அனுமதி கொடுத்தாங்க. குடியிருப்பாளர்கள் 2017இல் நீதிமன்றம் போனாங்க, உயர் நீதிமன்றத்தில் தோத்தாங்க, விடல. 2021இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அனுமதியை ரத்து செஞ்சது, 2023 ஏப்ரலில் கூட்டரசு நீதிமன்றமும் அதை உறுதி செஞ்சது. அதே இடத்தில் நம்ம முன்னாள் தோட்டத்து மக்கள் லயத்து வீட்டில் 1980களிலிருந்து நிரந்தர வீட்டுக்குக் காத்திருந்தாங்க என்கிறதையும் மறைக்கக்கூடாது. யார் பக்கம் நியாயம் என்கிறது வேற பேச்சு. காகிதத்தோட போனவங்க குரல்தான் கடைசி வரைக்கும் கேட்டுச்சு.

இன்னும் சிலர், "ஒய்.பி. பார்த்துக்குவார்" என்பாங்க. ஒய்.பி. திருவிழாவுக்கு வருவார், மாலை போடுவோம், படம் எடுப்போம். கடைசி நாளை அவர் நமக்காக எண்ணிக்கிட்டு இருக்க மாட்டார்.

ஃபேக்டரியில் நான் தினமும் பார்க்கிறேன். மெஷின் சரியில்லைன்னு வாயால ஆயிரம் தடவை சொன்னாலும் ஒண்ணும் நடக்காது. பாரத்தில் தேதி போட்டு எழுதிக் கொடுத்தா மேனேஜர் பதில் சொல்லியே ஆகணும். மன்றமும் அப்படித்தான்.

எழுதும்போது "எங்க மனசு புண்படுது"ன்னு மட்டும் எழுதாதீங்க. தண்ணி எங்க வடியும், திருவிழா அன்னிக்கு ரோடு எப்படி, கார் எங்க நிறுத்துவாங்க, கட்டடம் எத்தனை மாடி, நிலத்தில் பைலிங் அடிச்சா கோபுரம் தாங்குமா, இதை எழுதுங்க. மன்றத்தில் சாப் அடிச்ச நகலை வாங்கி வைங்க.

நிர்வாகத்துக்கு என் கோரிக்கை மூணு. நில அலுவலகத்தில் நம்ம முகவரி சரியா இருக்கான்னு பாருங்க. மலாய் நல்லா எழுதத் தெரிந்த ரெண்டு பிள்ளைகளை இந்த வேலைக்கே போடுங்க. மாசம் ஒரு தடவை மன்றத்தின் திட்டமிடல் பிரிவில் போய் விசாரிங்க. போக ஆள் இல்லைன்னா, ஷிப்ட் மாத்திக்கிட்டு நானே போறேன்.

அம்மன் நம்மைக் காப்பாத்துவாள். தபாலைப் பிரிச்சுப் படிக்கிறது நம்ம வேலை.

ஓம் சக்தி. மத்த ஆலயங்களுக்கும் பகிருங்கள்.