குற்றக் கணக்கும் குடிமக்கள் கணக்கும்

(மூன்றாம் ஆண்டு, புள்ளியியல்)

"எண்கள் பொய் சொல்லா" என்பர். உண்மைதான். ஆனால், எண்கள் தம்மைத் தாமே எண்ணிக்கொள்வதில்லை, எண்ணுபவர் மனிதர். அவர் எதைக் காண்கிறார், எதைக் காணாது விடுகிறார் என்பதைப் பொறுத்தே கணக்கு அமைகிறது. இதற்குக் கனடா நாட்டின் தண்டர் பே நகரம் தக்க சான்றாகும்.

ஒன்ராறியோ மாநிலத்தில், சுப்பீரியர் ஏரிக்கரையில் அமைந்தது இந்நகரம். போர்ட் ஆர்தர், ஃபோர்ட் வில்லியம் என்னும் இரு நகரங்கள் இணைந்து 1970-இல் பிறந்தது. தானியக் கப்பல்களும் காகித ஆலைகளும் இதனை வாழ்வித்தன. பின்னர்த் தானிய ஏற்றுமதி பசிபிக் துறைமுகங்களை நாடிற்று. ஆலைகள் பல மூடப்பட்டன. 1971-இல் ஏறத்தாழ 1,08,000 ஆக இருந்த மக்கள்தொகை, ஐம்பது ஆண்டுகள் கழிந்து 2021-இல் 1,08,843 ஆகவே நின்றது.

மக்கள் பெருகினால் குற்றமும் பெருகும் என்பது பொதுவான நம்பிக்கை. மக்கள் பெருகாத இவ்வூரிலோ, சுற்றுப்புறத்தையும் சேர்த்து 2014-இல் 11 கொலைகள் நிகழ்ந்தன. ஒரு லட்சம் பேருக்கு 9 என்பது விகிதம். அவ்வாண்டு நாட்டின் சராசரி 1.45 மட்டுமே! கனடாவின் பெருநகர வட்டாரங்களுள் முதலிடம் இதற்கே கிடைத்தது.

இவ்விகிதத்தை நாம் எப்படிப் படிப்பது? முதலில் பகுதியைப் பார்ப்போம். சிறிய ஊரில் ஒரே ஒரு கொலை கூடினாலும் குறைந்தாலும் விகிதம் 0.8 அளவு மாறிவிடும். மேலும், வடக்கே தொலைவிலுள்ள பழங்குடி ஊர்களிலிருந்து படிப்புக்கும் மருத்துவத்துக்கும் பலர் இங்கே வந்து தங்குகின்றனர். அவர்களுக்கு நேரும் தீங்கு நகரத்தின் குற்றக் கணக்கில் ஏறும். அவர்களில் பலரோ நகரத்தின் மக்கள் கணக்கில் ஏறுவதில்லை.

இனித் தொகுதியைப் பார்ப்போம். காவல் துறை எழுதிக்கொண்டதே குற்றக் கணக்கு. 2019-இல் கனடாவில் மக்களையே கேட்டு எடுத்த ஆய்வின்படி, நேர்ந்த குற்றங்களுள் 29 விழுக்காடு மட்டுமே காவலர் காதுக்கு எட்டின.

இதனினும் வேதனையானது ஒன்று உண்டு. தம் ஊரில் உயர்நிலைப் பள்ளி இல்லாமையால் தண்டர் பே நகருக்குப் படிக்க வந்த பழங்குடி மாணவர் எழுவர் 2000-க்கும் 2011-க்கும் இடையில் உயிரிழந்தனர். ஐவரின் உடல்கள் நீரிலிருந்து எடுக்கப்பட்டன. 2016-இல் முடிந்த மரண விசாரணை 145 பரிந்துரைகளை அளித்தது; நால்வர் இறந்த விதத்தைத் தீர்மானிக்க இயலவில்லை என்றது. 2018-இல் வெளிவந்த மற்றோர் ஆய்வறிக்கை, நகரக் காவல் அமைப்பிலேயே இனப்பாகுபாடு வேரூன்றியிருப்பதாகக் கண்டது. பழங்குடியினரின் மரணங்களுள் ஒன்பதையேனும் மீண்டும் விசாரிக்க வேண்டுமென்றது.

அவை கொலைகள் என்று நான் சொல்ல வரவில்லை. கொலையா, விபத்தா என்று செவ்வனே ஆராயாமல் மூடிய கோப்பு எந்தக் கட்டத்தில் எண்ணாக ஏறும்? விசாரணை சோம்பினால் குற்றம் குறைந்தது போலத் தோன்றும். விசாரணை திருந்தினால் குற்றம் கூடியது போலத் தோன்றும். இந்த விந்தையை உணராமல் வரைபடத்தை மட்டும் பார்த்து மகிழ்வதோ அஞ்சுவதோ அறிவுடைமை ஆகுமா?

அப்படியானால் கணக்கெடுப்பே வேண்டாமா எனின், அன்று. அந்த 9 என்ற எண்ணும் இல்லையேல், அவ்வூரை நாடு திரும்பிப் பார்த்திருக்குமா? எண் வேண்டும். அதன் பக்கத்திலேயே எண்ணியவர் யார், எவரை எண்ணினார், எவரை விட்டார் என்ற குறிப்பும் வேண்டும் என்பதே என் கருத்து.

மாணவ நண்பர்களே, நாளை நம்முள் சிலர் புள்ளிவிவர அலுவலகத்திலும் சிலர் காவல் நிலையத்திலும் அமரக்கூடும். ஒரு கட்டத்தில் சுழியம் இடுமுன், அங்கே உண்மையில் ஒன்றும் இல்லையா, அல்லது நாம் பார்க்கவில்லையா என்று ஒருமுறை கேட்டுக்கொள்வோம். வீடு திரும்பாத பிள்ளை வெறும் எண்ணன்று; ஆயினும் எண்ணப்பட வேண்டிய உயிர்.