பெட்டி மட்டும் போதுமா?



தமிழக அரசுப் பள்ளிகளில் ‘மாணவர் மனசு’ புகார்ப் பெட்டி வைத்ததும், 14417 உதவி எண் தந்ததும் நல்ல காரியங்கள். ஆனால், கேலிக்கு ஆளானால், திக்கிப் பேசும் பிள்ளை எப்படிப் போன் செய்யும்? கற்றல் குறைபாட்டால் எழுத்துக்கூட்டவே திணறும் பிள்ளை எதை எழுதிப் போடும்?

நடையோ குரலோ சற்று மாறியிருந்தால் போதும், பட்டப்பெயர் ஒட்டிக்கொள்கிறது. ஆசிரியரே அதைச் சொல்லிக் கூப்பிடுவதும் உண்டு. கேட்டால் ‘விளையாட்டுக்குத்தானே’ என்பார்கள். (தினமும் ஒருவனே அழும் விளையாட்டு!) ஆனால், கல்வி உரிமைச் சட்டம் 2009-இன் 17-ஆவது பிரிவு, அடிப்பதோடு மனரீதியான துன்புறுத்தலையும் தடை செய்கிறது.

இடைவேளையிலும் கழிப்பறைப் பக்கத்திலும் பள்ளிகள் ஓர் ஆசிரியரைக் கண்காணிப்பில் நிறுத்தட்டும். கேலிக்கு ஆளான பிள்ளையையே வேறு வகுப்புக்கு மாற்றும் வழக்கத்தைக் கல்வித் துறை உடனே நிறுத்த வேண்டும்.

– ஒரு பெற்றோர், தஞ்சாவூர்