வீடு மாறுறீங்களா? பூனைக்கு முதலில் ஓர் அறை போதும்!

போன வருஷம் சிவகாசியிலிருந்து திருத்தங்கலுக்கு வீடு மாறினோம். பால் காய்ச்சிய மறுநாளே, ‘பாவம், வெளியே போய்ப் பார்த்துட்டு வரட்டும்’ என்று எங்கள் பூனை சிட்டுவுக்குக் கதவைத் திறந்துவிட்டேன். அவ்வளவுதான், காணோம்! ஐந்தாவது நாள் பழைய தெருவிலிருந்து போன். பூட்டிக் கிடந்த எங்கள் பழைய வீட்டு வாசலில், வயிறு ஒட்டிப்போய் உட்கார்ந்திருந்தது. லாரி ஓடும் மெயின் ரோட்டை எப்படித்தான் தாண்டியதோ!

“நாய் ஆளைத் தேடும், பூனை வீட்டைத் தேடும்” என்றார் அம்மாச்சி. காரணம், வாசனை. பூனையின் கன்னத்தில் வாசனைச் சுரப்பிகள் இருக்கின்றன. கட்டில் காலிலும் கதவிலும் அது கன்னத்தை உரசுவது, ‘இது என் இடம்’ என்று முத்திரை குத்தத்தான். புது வீட்டில் அந்த முத்திரை ஒன்றுகூட இருக்காது.

இரண்டாவது முறை சிட்டுவை அழைத்து வந்தபோது நாங்கள் செய்தவை இவை.

ஒரே அறை: பால் காய்ச்சி, விருந்தாளிகள் கிளம்பிய பிறகே பூனையைக் கொண்டுவாருங்கள். முதலில் ஓர் அறை மட்டும். அதில் துவைக்காத பழைய போர்வை, சாப்பாடு, தண்ணீர், அவற்றிலிருந்து தள்ளி மண் தட்டு. அந்த அறையை பினாயில் போட்டுத் துடைக்க வேண்டாம். பினாயில் பூனைக்கு விஷம்.

ஒளிய ஓர் இடம்: அட்டைப்பெட்டி ஒன்றைக் கவிழ்த்து, வாசல் வெட்டி வையுங்கள். அச்சகத்தில் காலண்டர் கட்டி வரும் பெட்டி நல்லது. பட்டாசுப் பெட்டி வேண்டாம். பட்டாசு ஆலைக்குப் போட்டுப்போகும் உடுப்பிலும் படுக்க விடாதீர்கள். பூனை உடம்பை நக்கித்தான் சுத்தம் செய்யும். ரோமத்தில் ஒட்டிய மருந்துத்தூள் நேரே வயிற்றுக்குள் போய்விடும்.

வெடிச்சத்தம்: நம் காதுக்கு 20 கிலோஹெர்ட்ஸ் வரைதான் கேட்கும். பூனைக்கு 60-க்கு மேலும் கேட்கும். தமிழகத்தில் தீபாவளிக்குக் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என அரசு நேரம் குறித்தாலும், நம்ம ஊரில் கோயில் திருவிழா, கல்யாணம் என்று வருஷம் முழுக்க வெடிதான். அதனால் தீபாவளியை ஒட்டியோ, தெருவில் பொங்கல் சாட்டியிருக்கும்போதோ பூனையை இடம் மாற்றாதீர்கள். திடீரென வெடித்தால் ஜன்னலைச் சாத்தி, ஃபேனைப் போடுங்கள். கட்டிலுக்கு அடியில் ஒளிந்தால் இழுக்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்தாலே போதும்.

சாப்பாடு: பழைய வீட்டில் வைத்த அதே சாப்பாடு, அதே நேரம். ஒருநாள் முழுக்க எதையுமே தொடவில்லை என்றால் கால்நடை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். பட்டினி பூனையின் ஈரலைச் சீக்கிரம் பாதிக்கும்.

கதவு: தானாக வெளியே வந்து சாப்பிட ஆரம்பித்ததும், ஒவ்வோர் அறையாகத் திறந்துவிடுங்கள். தெருக்கதவு மட்டும் இரண்டு மூன்று வாரத்துக்குத் திறக்கவே கூடாது. அதன்பிறகும் முதலில் பசி நேரத்தில், நீங்கள் கூடவே இருந்து கொஞ்ச நேரம் மட்டும்.

சிட்டு மூன்று நாள் பெட்டியை விட்டு வரவில்லை. பன்னிரண்டாவது நாள் காலையில் பீரோ மூலையில் கன்னத்தை வைத்துத் தேய்த்தது. “இப்பத்தான் குடிவந்திருக்கு” என்றார் அம்மாச்சி.