வாசல் சாய்தளத்துக்கு அடியில்

2024 ஜூலை முதல் தமிழ்நாட்டில் 2,500 சதுர அடி மனையில் 3,500 சதுர அடிக்குள் வீடு கட்ட சுயசான்று போதும், உடனே அனுமதி. கட்டும் முன் கள ஆய்வு இல்லை, பணி நிறைவுச் சான்றும் வேண்டாம். அலைச்சலும் லஞ்சமும் குறைந்தால் நல்லதுதான்.

ஆனால், கார் ஏறுவதற்காக வாசலில் போடும் சிமெண்ட் சாய்தளம் தெரு வாய்க்காலையே மூடுகிறதே, அதை யார் பார்ப்பது? மூடிய வாய்க்கால் அடைக்கும். அடியில் கைவிட்டு அடைப்பெடுக்க அழைக்கப்படுபவர்கள் பெரும்பாலும் தலித்துகளே. மலம் கலந்த வாய்க்காலை ஒருவரைக் கையால் அள்ள வைப்பது 2013 சட்டப்படி குற்றம்.

வீட்டு அனுமதி எளிதாகட்டும். வாய்க்கால்மேல் கட்டுவதற்கு மட்டும் ஆய்வு கட்டாயமாகட்டும். திறந்து தூர்வார முடியாத சாய்தளத்தை உள்ளாட்சி அமைப்பு இடிக்கட்டும். நம் வாசலின் வசதிக்கு இன்னொருவர் கை சாக்கடையில் இறங்கக்கூடாது.